பி.டி., சி.டி. நார்மலாம்ல!

ரொம்ப நாளாச்சு பதிவு போட்டு. ஆபீஸ்ல ஆணி ஓவர். அதோட ஊருக்கும் ரெண்டு தடவை போயிட்டு வந்தேன். ஊருன்னா வருசநாடு. தேனியில பஸ் ஏறி க.விலக்குல திரும்பி, கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைன்னு மூல வைகையை ஒட்டியே போனா வர்ற கடைசி ஊர்கள்ல ஒண்ணு. இலவம் பஞ்சு மெத்தையில படுத்துத் தூங்குனவங்க எங்க ஊரு மரத்துக்கு ஒரு நன்றி சொல்லிக்கலாம் :-)

போன தடவை ஊர்ல இருந்து திரும்பி வந்ததுல இருந்து ஒரு விஷயம் மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு. அதை இங்க கொட்டிடுறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கங்க.

எங்க அக்கா மகனுக்கு பதினோரு வயசு. கடைவாய்ப் பல்லு சொத்தை. எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. அக்காதான் சொல்லுச்சு, "இவனுக்கு லேசா இடிச்சாலே கன்னிப்போகுது டாக்டர், பாத்துக்கங்க"ன்னு. உடனே பக்கத்து லேப்புக்கு அனுப்பி பி.டி., சி.டி. பாத்தாங்க. அதாங்க, பிளீடிங் டைம், க்ளாட்டிங் டைம். ஊசியால குத்தி எவ்வளவு நேரத்துல ரத்தம் நிக்குதுன்னு ஒண்ணு, கண்ணாடிக் குழாய்ல எவ்வளவு நேரத்துல உறையுதுன்னு ஒண்ணு. சீட்டு வந்துச்சு. ரெண்டும் நார்மல். பல்லைப் புடுங்கியாச்சு. அரை மணி நேரத்துல ரத்தமும் நின்னு போச்சு. ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்துக் கூட்டிட்டு வந்துட்டோம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு தலகாணி நனைஞ்சு கிடக்கு.

மறுநாள் பூரா கசிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. பல்லு இருந்த இடத்துல ஈரல் துண்டு மாதிரி ஒரு கட்டி தொங்குது, அதுக்கு அடியில இருந்து ரத்தம் ஊறுது. திரும்பக் கொண்டு போனா, "நார்மல் ரிப்போர்ட்தானே, பையன் நாக்கை வச்சு நோண்டியிருப்பான்"னு பஞ்சு வச்சு அனுப்புறாங்க. மூணாவது நாள் மதுரைக்குத் தூக்கிட்டுப் போனோம்.

அங்க இருந்த டாக்டரம்மா சீட்டை வாங்கி ஒரு பக்கம் வச்சுட்டாங்க. படிக்கவே இல்லை. என்னைப் பாத்து, "நீங்க யாரு?"ன்னாங்க.

"தாய்மாமன் மேடம்."

"நல்லதாப் போச்சு. உங்களுக்குப் பல்லு எடுத்திருக்காங்களா? ஆபரேஷன் ஏதாவது?"

"ரெண்டு பல்லு எடுத்திருக்கேன், ஒண்ணும் ஆகலை."

"சரி. உங்க தாய்மாமன்க எத்தனை பேரு? எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

பக்கத்துல நின்ன எங்கம்மா முகம் மாறிப்போச்சு. ஏன்னா எங்க சின்ன மாமா இல்லை. 1979ல, இலவங்காய் சீசன்ல, மரத்துல இருந்து விழுந்து செத்துட்டாரு. பெரிய உயரம்கூட இல்லையாம். எலும்பு ஒண்ணும் முறியலை. எந்திரிச்சு நடந்துதான் வீட்டுக்கு வந்தாராம். அப்புறம் தொடை வீங்கி, உடம்பு வெளிறி, மூணாம் நாள் போய்ட்டாரு. பத்தொம்பது வயசு. "அந்த மரம் கருப்பசாமி எல்லைக்குள்ள இருந்துச்சு, உத்தரவு வாங்காம ஏறிட்டான்"னு அம்மாச்சி சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. வருசா வருசம் கெடா வெட்டு வேற.

டாக்டரம்மா ஒண்ணும் சொல்லலை. எழுதிக்கிட்டாங்க. ரெண்டு நாள்ல ரிசல்ட் வந்துச்சு. ஹீமோஃபீலியா ஏ. மைல்டு வகை. ரத்தத்துல ஃபேக்டர் 8 இருக்க வேண்டிய அளவுல 9 சதவீதம்தான் இருக்கு.

சரி, அப்ப நார்மல்னு வந்த அந்தச் சீட்டு? லேப்காரர் தப்பாப் பாத்துட்டாரா? இல்லை. அவர் சரியாத்தான் பாத்திருக்காரு. கேள்விதான் தப்பு. இதைப் புரிஞ்சுக்க எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. புரிஞ்ச வரைக்கும் எங்க ஊரு பாஷையிலயே சொல்லிப் பாக்குறேன்.

கண்மாய்க் கரை உடைஞ்சா என்ன பண்ணுவோம்? மொதல்ல மடையை இறுக்கி வர்ற தண்ணியைக் குறைப்போம். உடம்புலயும் அதான் முதல் வேலை, அறுபட்ட ரத்தக்குழாய் தன்னையே சுருக்கிக்கும். அடுத்து ஊரே ஓடிவந்து உடைப்புல இறங்கி நிக்கும். அந்த ஆளுங்கதான் பிளேட்லெட், தட்டணுக்கள். ஆனா தண்ணி அடிக்கிற வேகத்துல சும்மா நிக்க முடியாதுல்ல? கரையில ஒரு கயிறைக் கட்டி அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கணும். அந்தக் கயிறு வான்வில்லிபிராண்ட் ஃபேக்டர்னு ஒரு புரதம். சின்ன உடைப்புன்னா இதோட முடிஞ்சுது. பெரிய உடைப்புன்னா ஆளுங்க எவ்வளவு நேரம் நிப்பாங்க? அதுக்குள்ள முள்ளு, மரக்கிளை, மண்ணு எல்லாம் போட்டு அணைக்கணும். அந்த முள்ளு அடைப்புதான் ஃபைப்ரின்ங்கிற வலை. கடைசியா, போட்ட முள்ளெல்லாம் அடிச்சுட்டுப் போகாம இருக்க இறுக்கி முடிச்சுப் போடணும். அந்த முடிச்சு போடுற ஆளு ஃபேக்டர் 13.

அந்த வலையைப் பின்னுறதுக்கு ஒரு ஃபேக்டர் இன்னொண்ணை உசுப்பி, அது அடுத்ததை உசுப்பின்னு வரிசையாப் போகும். 1964ல இங்கிலாந்துல மெக்ஃபார்லேன் இதுக்கு 'கேஸ்கேட்'னு பேரு வச்சாரு. அதே வருசம் அமெரிக்காவுல டேவியும் ராட்னாஃபும் 'நீர்வீழ்ச்சி'ன்னே பேரு வச்சாங்க. எங்க கோம்பைத்தொழு சின்னச் சுருளி அருவியைப் பாத்தவங்களுக்கு உடனே புரியும், ஒரு பாறையில விழுந்து அடுத்த பாறைக்குப் பாயுற மாதிரிதான். நடுவுல ஒரு பாறை இல்லைன்னா கீழ சொட்டுதான் வரும். ஃபேக்டர் 8 குறைஞ்சா ஹீமோஃபீலியா ஏ. ஃபேக்டர் 9 குறைஞ்சா பி. பி-க்கு கிறிஸ்துமஸ் நோய்னும் ஒரு பேரு. ஏசு பொறந்ததுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை, 1952ல அந்த ஆராய்ச்சியில வந்த சின்னப் பையன் பேரு ஸ்டீஃபன் கிறிஸ்துமஸ். கட்டுரை வந்தது மட்டும் டிசம்பர் கடைசியில. குறும்பு புடிச்ச டாக்டர்கள் போல :-)

இப்ப எங்க பையன் கதைக்கு வாங்க. அவனுக்கு ஆளுங்க இருக்காங்க, கயிறு இருக்கு, முள்ளுதான் பத்தலை. ஊசியால குத்துன ஓட்டையை ஆளுங்களே அடைச்சிருவாங்க. அதனால பி.டி. நார்மல். மூணு வயசுல என் மடியில உக்கார வச்சுத்தான் அவனுக்குக் காது குத்துனோம். சொட்டு ரத்தம் வரலை. தாய்மாமன் மடின்னா சும்மாவான்னு நான் மீசையை முறுக்குனது நெனப்பு இருக்கு. அதே பையனுக்குப் பல்லுக் குழியில மொதல்ல ரத்தம் நின்னதும் ஆளுங்க நின்ன தயவுதான். ராத்திரி ஆளுங்க களைச்சுப் போனதும் உடைப்பு திரும்பத் தெறந்துக்கிச்சு. மொதல்ல நின்னு, பல மணி நேரம் கழிச்சுத் திரும்ப வர்றது இந்த வியாதியோட கையெழுத்து மாதிரி.

சி.டி.யாவது காட்டிக் குடுத்திருக்க வேணாமா? அதுலயும் ஒரு வில்லங்கம். ஃபேக்டர் ஒண்ணு ரெண்டு சதவீதத்துக்குக் குறைஞ்சாத்தான் அந்தக் கண்ணாடிக் குழாய்ல வித்தியாசம் தெளிவாத் தெரியும். 9 சதவீதம் இருக்கிறவன் ரத்தம் நல்ல புள்ளையா நேரத்துக்கு உறைஞ்சிரும். டியூக் பிளீடிங் டைமைச் சொன்னது 1910ல. லீயும் வொயிட்டும் க்ளாட்டிங் டைமைச் சொன்னது 1913ல. நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடி எல்லாருக்கும் பிளீடிங் டைம் பாக்குறதுல புண்ணியம் இல்லைன்னு அமெரிக்க நோயியல் டாக்டர்கள் சங்கங்களே 1998ல எழுதிட்டாங்க. நம்ம பக்கம் இன்னமும் சீட்டுல மொத வரியே பி.டி., சி.டி.தான்.

என் ஆதங்கம் இங்கதான். டெஸ்ட் எடுக்காமலே விட்டிருந்தா, அக்கா சொன்ன "கன்னிப்போகுது"ங்கிற வார்த்தை டாக்டர் காதுல நின்னிருக்கும். நார்மல்னு ஒரு சீட்டு வந்ததால அந்த வார்த்தை செத்துப்போச்சு. சில சமயம் ஒண்ணும் சொல்லாத டெஸ்டை விட, தைரியம் சொல்ற டெஸ்ட் ஆபத்து.

நியாயமா என்ன பாக்கணும்? தட்டணு எண்ணிக்கை, அப்புறம் பி.டி.-ன்னே சுருக்குற இன்னொரு டெஸ்ட், புரோத்ராம்பின் டைம் (ரெண்டுக்கும் ஒரே சுருக்கம் தமிழ்ல, குழப்பம்தான்), அதோட ஏ.பி.டி.டி. நீல மூடி போட்ட குழாய்ல, சரியா கோடு வரைக்கும் ரத்தம் எடுக்கணும். கூடக் குறைய எடுத்தா உள்ள இருக்கிற சிட்ரேட் கணக்கு மாறி ரிசல்ட் தப்பா வரும். எங்க பையனுக்கு ஏ.பி.டி.டி. மட்டும் நீண்டு இருந்துச்சு. அப்புறம் அவன் பிளாஸ்மாவோட நல்ல ஆளோட பிளாஸ்மாவைப் பாதிப் பாதி கலந்து பாத்தாங்க. சரியாயிருச்சு. அப்படின்னா ஏதோ ஒண்ணு குறையுதுன்னு அர்த்தம். சரியாகலைன்னா ஏதோ ஒண்ணு தடுக்குதுன்னு அர்த்தம். எவ்வளவு எளிமையான யோசனை பாருங்க! அதுக்கப்புறம்தான் எந்த ஃபேக்டர்னு ஒவ்வொண்ணா அளக்குறது. இதுலயும் ஒரு எச்சரிக்கை இருக்கு. மைல்டு வகையில சில பேருக்கு ஏ.பி.டி.டி.கூட நார்மலா வரலாம். எந்த மெஷினையும் முழுசா நம்பிட முடியாது. அந்த டாக்டரம்மா மொதல்ல என் தாய்மாமனை விசாரிச்சது அதுக்குத்தான்.

யோசிச்சுப் பாருங்க. ஹீமோஃபீலியா அம்மா வழியா வர்றது. அம்மா கடத்துவா, மகனுக்கு வரும். அப்ப அந்த அம்மாவோட கூடப்பொறந்தவனுக்கும் இருக்க வாய்ப்பு உண்டு. அதாவது தாய்மாமன்! காதுகுத்து, சடங்கு, கல்யாணம்னு எல்லாத்துக்கும் தாய்மாமனை மொதல் வரிசையில நிக்க வைக்கிற ஊரு நம்மது. சீர்த்தட்டு எத்தனைன்னு கணக்கு கேக்குறோம். மாமன் எப்படிச் செத்தான்னு மட்டும் எந்த கிளினிக்லயும் யாரும் கேக்குறதில்லை. (குடும்பத்துல யாருக்குமே இல்லாம புதுசா வர்றதும் உண்டு, மூணுல ஒரு பங்கு கேஸ் அப்படித்தான். அதனால மாமன் நல்லா இருந்தா மட்டும் நிம்மதியாகிட முடியாது.)

விக்டோரியா மகாராணி கதையை எல்லாரும் எழுதிட்டாங்க, நான் விட்டுடுறேன். ஒரே ஒரு தகவல் மட்டும். ரஷ்ய இளவரசனோட எலும்புல டி.என்.ஏ. பாத்து அது பி வகைன்னு 2009லதான் உறுதி பண்ணாங்க. ராஜா வீட்டு எலும்புக்கு அந்த வசதி கிடைச்சது. எங்க சின்ன மாமாவை மூல வைகை ஓரத்துல எரிச்சாச்சு.

இப்ப அக்கா கதை. அதுதான் எனக்கு ரொம்ப வலிக்குது. ரெண்டாவது பிரசவம் முடிஞ்சு எட்டாம் நாள் அக்காவுக்குப் பயங்கர உதிரப்போக்கு. ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்க. "உடம்பு சூடு"ன்னாங்க வீட்ல. வயசுக்கு வந்ததுல இருந்தே மாசா மாசம் ஏழெட்டு நாளு படுத்த படுக்கைதானாம். எனக்கு அதெல்லாம் இப்பத்தான் தெரியும். எந்தத் தம்பிகிட்ட எந்த அக்கா இதைச் சொல்லியிருக்கு? இப்ப அளந்து பாத்தா அக்காவுக்கே ஃபேக்டர் 34 சதவீதம்தான். கடத்துறவங்க வெறும் தபால்காரங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ரொம்ப காலம் நெனச்சுட்டு இருந்தாங்க. அளவு குறைஞ்ச பொம்பளைங்களையும் ஹீமோஃபீலியா உள்ளவங்கன்னே சொல்லணும்னு 2021லதான் உலக நிபுணர்கள் பேரை மாத்துனாங்க. கர்ப்பத்துல ஃபேக்டர் 8 தானா ஏறும், பிரசவம் ஆனதும் திரும்ப இறங்கும். எட்டாம் நாள் கணக்கு அதுதான். எங்க வீட்ல அதுக்கு வச்ச பேரு சூடு.

பின்லாந்து பக்கம் ஆலாந்து தீவுல ஒரு குடும்பம். அதுல ஹியோர்டிஸ்னு அஞ்சு வயசுப் பொண்ணு. அவளைப் பாத்துட்டுத்தான் எரிக் வான்வில்லிபிராண்ட் 1926ல தன் பேரு போட்ட வியாதியைப் பத்தி எழுதுனாரு. கண்மாய்க் கதையில கயிறுன்னு சொன்னேனே, அது குறையுற வியாதி. ஆம்பளை பொம்பளை ரெண்டு பேருக்கும் வரும். அந்தப் பொண்ணு வயசுக்கு வந்து நாலாவது மாதவிடாய்லயே ரத்தம் நிக்காம செத்துப்போச்சு. நம்ம ஊர்ல "பெரும்பாடு"ன்னு ஒரே வார்த்தையில ஒதுக்கிட்டுப் போறதுக்குள்ள இப்படி எத்தனை பொண்ணுங்க இருக்கோ. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை துணி மாத்த வேண்டியிருக்கு, ஏழு நாளைக்கு மேல போகுது, பெரிய கட்டியா விழுதுன்னா அது "சூடு" இல்லைங்க. சத்து மாத்திரையோட நிறுத்தாம இந்தக் கோணத்துலயும் பாக்கச் சொல்லிக் கேக்கணும்.

இந்தக் கண்ணாடிக் குழாயைப் பத்தி மேல கொஞ்சம் திட்டிட்டேன். அதுக்கு நியாயம் பண்ணாம போனா எங்க ஊரு மண்ணு மன்னிக்காது. ஏன்னா கண்ணாடி விரியன் கடிச்சா காப்பாத்துறது அதே குழாய்தான். விரியன் விஷம் ஃபேக்டர் 10, ஃபேக்டர் 5 ரெண்டையும் தாறுமாறா உசுப்பிவிட்டு, இருக்கிற முள்ளையெல்லாம் வீணா எரிச்சுத் தீத்துரும். அப்புறம் உறையுறதுக்குச் சரக்கே இருக்காது, ஈறு, சிறுநீர்னு கண்ட இடத்துல ரத்தம் வரும். 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, காஞ்ச, புது கண்ணாடிக் குழாய்ல எடுத்து 20 நிமிசம் ஆட்டாம அசைக்காம வைக்கணும். அப்புறம் ஒரே ஒரு தடவை சாய்ச்சுப் பாக்கணும். தண்ணியா ஓடுனா விஷம் ரத்தத்துல ஏறியாச்சு, விஷமுறிவு மருந்து உடனே போடணும். கரண்டு வேணாம், மெஷின் வேணாம். ஆனா பிளாஸ்டிக் குழாய் ஆகாது, சோப்புப் போட்டுக் கழுவுன குழாயும் ஆகாது. கண்ணாடிச் சுவர்தான் அருவியோட மொதப் பாறையைத் தட்டிவிடுறது. இது அடிப்படை சுகாதார நிலையத்துலயே நடக்குற காரியம். பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்கணும்னு 2024 நவம்பர்ல தமிழ்நாட்டுல உத்தரவும் வந்துருச்சு.

ஆக, ஒரே குழாய். சரக்கு மொத்தமா தீந்து போனா உண்மையைச் சொல்லும். பத்துல ஒரு பங்கு மிச்சம் இருந்தா பொய் சொல்லும். எந்தக் கேள்விக்கு எந்தக் குழாய்ங்கிறதுலதான் விசயம் இருக்கு.

பாம்புன்னதும் இன்னொண்ணு. அந்த விரியனுக்கு இங்கிலீஷ்ல ரஸ்ஸல் பேரு. சோழமண்டலக் கரையில கம்பெனிக்கு வேலை பாத்துட்டுப் போய் 1796ல பாம்புப் புத்தகம் போட்ட பேட்ரிக் ரஸ்ஸல். 1930கள்ல அதே விஷத்தை நல்லா நீர்க்க வச்சு ஹீமோஃபீலியாக்காரங்க காயத்து மேல தடவி ரத்தத்தை நிறுத்துனவரு வேற யாரும் இல்லை, அருவிக்குப் பேரு வச்ச அதே மெக்ஃபார்லேன்! இன்னைக்கும் ரத்த லேப்கள்ல ஒரு வகை உறைதல் டெஸ்டுக்கு இந்த விஷம்தான் சரக்கு. நம்ம வயக்காட்டுப் பாம்பு லண்டன் லேப் வரைக்கும் போயிருக்கு, நாம இன்னும் கெடா வெட்டிக்கிட்டு இருக்கோம்.

சொந்தத்துல கட்டுறதைப் பத்தியும் சொல்லிடுறேன், ஆட்டோ அனுப்பாதீங்க. ஹீமோஃபீலியாவுக்கும் சொந்தத்துல கட்டுறதுக்கும் பெரிசா சம்பந்தம் இல்லை. எனக்கு அது இல்லை, அதனால என் பிள்ளைகளுக்கு என் வழியா வராது. ஆனா ஃபேக்டர் 13 குறைபாடு, கிளான்ஸ்மேன் மாதிரி அபூர்வ வகைகள் அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தாத்தான் வரும். அக்கா மகளைக் கட்டுற, அத்தை மகளைக் கட்டுற நம்ம பக்கத்துல அது மத்த இடத்தைவிட அதிகம். ஃபேக்டர் 13 இல்லாத குழந்தைக்குத் தொப்புள்கொடி விழுற சமயத்துல ரத்தம் கசியும். கொடுமை என்னன்னா, தட்டணு, பி.டி., ஏ.பி.டி.டி. எல்லாமே நார்மலாத்தான் வரும். வலை பின்னியாச்சு, முடிச்சுதானே இல்லை! உறைஞ்ச கட்டியை யூரியா கரைசல்ல போட்டு வச்சா முடிச்சு இல்லாத கட்டி கரைஞ்சு போகும், அப்படித்தான் கண்டுபிடிக்கிறாங்க. எல்லாத் தொப்புள் கசிவும் இதுதான்னு பயப்பட வேணாம், வைட்டமின் கே குறைவால வர்றதும் உண்டு, பொறந்ததும் ஒரு ஊசி போடுறது அதுக்குத்தான். ஆனா "மொதப் பிள்ளை தொப்புள்ல ரத்தம் வந்து செத்துச்சு"ன்னு ஒரு அம்மா சொன்னா, அதைத் தோஷம்னு விட்டுடாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கிறேன்.

டாக்டர்களை மட்டும் குறை சொல்ல நான் வரலை. ஒரு நாளைக்கு இருநூறு பேரைப் பாக்குற இடத்துல எங்க சின்ன மாமா கதையைக் கேக்க நேரம் ஏது? நாமதான் சொல்லணும். சொல்றதுக்கு நமக்கு வாய் வரணும். எங்கம்மா நாப்பது வருசத்துக்கு மேல அந்தத் தொடை வீக்கத்தைப் பத்தி யாருகிட்டயும் பேசுனதில்லை, தெய்வக் குத்தம்னு பயம்.

பையன் இப்ப நல்லா இருக்கான். டிரானெக்சாமிக் ஆசிட் குடுத்து, ஃபேக்டர் ஏத்தி, பல்லுக்குழி ஆறிடுச்சு. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல ஃபேக்டர் இலவசமாவே குடுக்குறாங்க. 2016 சட்டத்துல ஹீமோஃபீலியாவையும் மாற்றுத்திறன் பட்டியல்ல சேத்திருக்காங்க. கடுமையான வகைக்கு வேலூர் சி.எம்.சி.ல அஞ்சு பேருக்கு ஜீன் சிகிச்சை பண்ணி, சிகிச்சைக்கப்புறம் ரத்தக்கசிவே இல்லைன்னு 2024 டிசம்பர்ல கட்டுரை வந்திருக்கு. எங்க பையனுக்கு அதெல்லாம் தேவைப்படாது. ஆஸ்பிரின், புரூஃபென் கூடாது, சதையில ஊசி கூடாது, எங்க போனாலும் மொதல்ல வியாதி பேரைச் சொல்லணும். அட்டை ஒண்ணு எழுதி ஜாமெட்ரி பாக்ஸ்ல வச்சிருக்கான். ஃப்ரெண்ட்ஸ்கிட்ட காட்டி பந்தா விடுறானாம்.

அடுத்து அக்கா மக. பதினாலு வயசு. இன்னும் பாக்கலை. "பொண்ணுக்கு வியாதின்னு ஊருக்குள்ள தெரிஞ்சா எவன் கட்டுவான்?"னு அம்மா அழுகுது. அக்கா வாயே தெறக்கலை. போன வாரம் போன்ல மச்சான்கிட்ட ஒரு மணி நேரம் பேசினேன். தேதி மட்டும் கேட்டு வச்சிருக்காரு. வர்ற புதன்கிழமை மதுரை. நானும் போறேன், தாய்மாமன் இல்லையா.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லைங்க, கணக்கு எழுதுற ஆளு. தப்பு இருந்தா மருத்துவம் படிச்ச பதிவர்கள் பின்னூட்டத்துல கொட்டுங்க, திருத்திடுறேன். உங்க ஊர்ல பி.டி., சி.டி. தவிர வேற ஏதாவது பாக்குறாங்களான்னும் சொல்லிட்டுப் போங்க.